பிராஞ்ச் வேறு, ஃபோல்டர் வேறு: கிட் ரெப்போவைப் புரிந்துகொண்டு அடுக்குவது

நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய குழுக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “லாகின் வேலை எல்லாம் லாகின் பிராஞ்சில் இருக்கு, பேமென்ட் வேலை பேமென்ட் பிராஞ்சில் இருக்கு.” கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பிராஞ்சைப் பொருள் போட்டு வைக்கும் இடமாக நினைத்துப் பேசும் பேச்சு இது. அந்த நினைப்போடு சில வாரம் வேலை பார்த்தால், “பிராஞ்ச் மாறினேன், ஃபைல் எல்லாம் காணோம்” என்று ஒருவர் பதறுவார். “நான் இந்த பிராஞ்சில் உருவாக்கிய ஃபைல் அந்த பிராஞ்சிலும் எப்படித் தெரிகிறது?” என்று இன்னொருவர் கேட்பார். வேறொருவர் எதற்கும் இருக்கட்டும் என்று முழு ப்ராஜெக்டையும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று காப்பி எடுத்து வைத்துக்கொள்வார். பிராஞ்ச் செய்யும் வேலையும் ஃபோல்டர் செய்யும் வேலையும் கலந்துபோவதால் வருகிற சிக்கல்கள் இவை.

கமிட், புஷ் அளவுக்கு மட்டும் கிட் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், எதை ஃபோல்டராகப் பிரிப்பது, எதற்கு பிராஞ்ச் எடுப்பது என்று நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

## ஒரு வீட்டு பிளான்

புது வீடு கட்ட இன்ஜினியரிடம் பிளான் போடச் சொல்கிறோம். ஒரு தாளில் கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் இருக்கின்றன. சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னால், கவனமான இன்ஜினியர் பழைய தாளை அழித்துத் திருத்த மாட்டார். முழு வீட்டையும் புதுத் தாளில் வரைந்து, ஓரத்தில் “தாள் 5, முந்தையது தாள் 4, சமையலறை பெரிதாக்கப்பட்டது” என்று குறிப்பார். பழைய தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

அப்புறம் வீட்டில் ஒருவர், மாடிப்படியை வெளியே வைத்தால் என்ன என்று கேட்கிறார். சரி, பார்த்துவிடலாம் என்று இன்ஜினியர் 5ஆம் தாளிலிருந்து தொடங்கி, வெளியே படி வைத்த 6ஆம் தாளை வரைகிறார். படி உள்ளேயே இருக்கும் பிளானிலும் வேலை நிற்கவில்லை. அதே 5ஆம் தாளிலிருந்து தொடர்ந்து, ஜன்னல்களை மாற்றி 7ஆம் தாள் வருகிறது. இப்போது வரிசை இரண்டாகிவிட்டது. குழம்பாமல் இருக்க ஒவ்வொரு வரிசையின் கடைசித் தாளிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுகிறார். 7இல் ‘மெயின்’, 6இல் ‘வெளிப்படி’. அந்த வரிசையில் புதுத் தாள் சேர்ந்தால் சீட்டை எடுத்துப் புதுத் தாளில் ஒட்டிவிடுவார்.

‘வெளிப்படி’ என்று சீட்டு ஒட்டிய தாளில் படி மட்டும் இல்லை, முழு வீடும் இருக்கிறது. சமையலறை, கூடம், படுக்கையறை எதுவும் விடுபடவில்லை. அறைகள் தாளுக்குள் இருக்கின்றன, சீட்டு தாளின் மேல் இருக்கிறது. மேஜையோ சிறியது, அதில் ஒரு நேரத்தில் ஒரு தாளைத்தான் விரிக்க முடியும்.

கிட்டில் அறைதான் ஃபோல்டர், தாள்தான் கமிட், சீட்டுதான் பிராஞ்ச். தாள்கள் எல்லாம் இருக்கும் அலமாரிக்கு ரெப்போ என்று பெயர். மேஜை என்பது உங்கள் கணினியில் நீங்கள் திறந்து பார்க்கும் ஃபோல்டர். கிட் அதை வொர்க்கிங் டைரக்டரி என்கிறது.

## கமிட்: ஒரு நேரத்தின் முழு நிலை

கமிட் என்பது, அந்த நேரத்தில் ப்ராஜெக்டில் கிட் கவனிக்கும் எல்லா ஃபைல்களும் ஃபோல்டர்களும் எப்படி இருந்தன என்பதன் முழுப் பதிவு. கூடவே யார் செய்தது, எப்போது, என்ன காரணம், முந்தைய கமிட் எது என்ற விவரமும் இருக்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்து 40 இலக்கமுள்ள அடையாளம் ஒன்று உண்டு. அது கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அடையாளமே மாறிவிடும்.

ஒவ்வொரு தடவையும் முழு நிலையையும் பதிந்தால் ரெப்போ பெருத்துவிடாதா? பெருக்காது. ஃபைல்களை அவற்றின் உள்ளடக்கத்தை வைத்தே கிட் அடையாளம் காண்கிறது. ஆயிரம் ஃபைலில் ஒன்றை மட்டும் மாற்றினால், மற்ற 999 ஃபைலுக்கும் புதுப் பிரதி எதுவும் உருவாகாது, முன்பு சேமித்ததையே புது கமிட்டும் சுட்டும்.

இந்த விதத்திலிருந்து வரும் ஒரு சின்ன விளைவு புதியவர்களைத் திகைக்க வைக்கும். காலி ஃபோல்டரை கிட் சேமிக்காது. ஃபைல்கள் எந்தப் பாதையில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் அதற்கு ஃபோல்டரே தெரியும். காலி ஃபோல்டர் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குள் ஒரு வெற்று ஃபைலைப் போட்டு வைப்பார்கள். பல ரெப்போக்களில் ‘டாட் கிட்கீப்’ என்ற பெயரில் இதைப் பார்க்கலாம். அந்தப் பெயருக்கு கிட்டிடம் தனி மதிப்பு எதுவும் கிடையாது, வெறும் வழக்கம்தான்.

## பிராஞ்ச்: 41 பைட்

உங்கள் ப்ராஜெக்டுக்குள் ‘டாட் கிட்’ என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குப் போங்கள். அதற்குள் ‘ரெஃப்ஸ்’, அதற்குள் ‘ஹெட்ஸ்’. அங்கே ‘மெயின்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். திறந்து பார்த்தால் ஒரு கமிட்டின் 40 இலக்க அடையாளமும் வரி முடிவுக் குறியும் மட்டுமே இருக்கும். மொத்தம் 41 பைட். பிராஞ்ச் என்பது இவ்வளவுதான். (நெடுநாள் பழைய ரெப்போவில் இந்த அடையாளங்களை கிட் ஒரே ஃபைலில் சேர்த்துக் கட்டிவைத்திருக்கலாம். அப்போதும் விஷயம் இதேதான்.)

ஆகவே பிராஞ்ச் என்பதை ஒரு கமிட்டைச் சுட்டும் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த பிராஞ்சில் இருந்தபடி நீங்கள் கமிட் செய்யும்போதெல்லாம் பெயர் புது கமிட்டுக்கு நகர்ந்துவிடும். லட்சம் ஃபைல் உள்ள ரெப்போவிலும் புது பிராஞ்ச் கண் இமைக்கும் நேரத்தில் உருவாவது இதனால்தான். எதையும் காப்பி எடுக்க வேண்டியதில்லை, சீட்டு எழுதினால் போதும். பிராஞ்சை நீக்கினாலும் சீட்டுதான் கிழிகிறது. மெர்ஜ் ஆன, அதாவது வேறு வரிசையோடு சேர்க்கப்பட்ட கமிட்கள் வரிசையில் அப்படியே இருக்கும். மெர்ஜ் ஆகாதவைகூட உடனே அழிவதில்லை, ஆனால் பெயரில்லாமல் கிடப்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு கிட் துப்புரவு செய்துவிடும்.

நீங்கள் இப்போது எந்த பிராஞ்சில் இருக்கிறீர்கள் என்பதை கிட் ‘ஹெட்’ என்ற இன்னொரு சின்ன ஃபைலில் குறித்துவைக்கிறது. மேஜையில் விரித்திருப்பது எந்தச் சீட்டின் தாள் என்பதற்கான குறிப்பு அது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஃபோல்டர் கமிட்டுக்கு உள்ளே இருக்கிறது. பிராஞ்ச் கமிட்டை வெளியிலிருந்து சுட்டுகிறது. லாகின் பிராஞ்சுக்குள் லாகின் மட்டும் இருப்பதில்லை, முழு ப்ராஜெக்டும் இருக்கிறது.

## பிராஞ்ச் மாறினால் ஃபைல் எங்கே போகிறது?

பைத்தான் மொழியின் மூல நிரல் இருக்கும் சிபைத்தான் ரெப்போ எல்லோரும் திறந்து பார்க்கக்கூடியது. அதில் ‘லிப்’ என்ற ஃபோல்டரில் பைத்தானிலேயே எழுதிய நூலகங்கள், ‘மாட்யூல்ஸ்’ ஃபோல்டரில் சி மொழியில் எழுதியவை, ‘டாக்’ ஃபோல்டரில் ஆவணங்கள். பிராஞ்சுகளோ 3.11, 3.12, 3.13 என்று வெளியீட்டு எண்களாக இருக்கும். அடுத்த வெளியீட்டுக்கான வேலை மெயினில் நடக்கும்.

3.11 பிராஞ்சில் லிப் ஃபோல்டருக்குள் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. 2023 அக்டோபரில் வந்த 3.12இல் அது நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் 3.11இல் இருந்துகொண்டு ‘கிட் ஸ்விட்ச்’ கட்டளையால் 3.12க்கு மாறினால், கண் முன்னாலேயே அந்த ஃபோல்டர் மறைந்துவிடும். திரும்ப 3.11க்கு வந்தால் அதுவும் வந்துவிடும். எதுவும் தொலையவில்லை. கிட் மேஜையிலிருந்த தாளைச் சுருட்டிவிட்டு வேறு தாளை விரித்திருக்கிறது, அவ்வளவே.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. புதிதாக ஒரு ஃபைல் உருவாக்குகிறீர்கள், கமிட் செய்யவில்லை, வேறு பிராஞ்சுக்கு மாறுகிறீர்கள். ஃபைல் அங்கேயும் தெரிகிறது! காரணம், அது எந்தத் தாளிலும் வரையப்படவில்லை, மேஜை மேல் சும்மா கிடக்கிறது. கமிட்டுக்குள் போகும் வரை ஒரு ஃபைல் எந்த பிராஞ்சுக்கும் சொந்தமில்லை. தாளை மாற்றினாலும் மேஜையில் கிடப்பது கிடக்கத்தான் செய்யும். ஏற்கெனவே கமிட்டில் உள்ள ஃபைலைத் திருத்திவிட்டு, கமிட் செய்யாமல் மாறப் பார்த்தால் அந்தத் திருத்தமும் கூடவே வரும். மாறுவதால் அது அழிந்துபோகும் நிலை வந்தால் மட்டும் கிட் மாற மறுத்து எச்சரிக்கும்.

## குழப்பத்துக்குக் காரணம் உண்டு

இப்படிக் குழம்புவது யாருடைய மந்தபுத்தியாலும் இல்லை. கிட்டுக்கு முன்பு பரவலாக இருந்த சப்வெர்ஷனில் பிராஞ்ச் உண்மையிலேயே ஒரு ஃபோல்டர்தான். ரெப்போவின் மேல்மட்டத்தில் ‘ட்ரங்க்’, ‘பிராஞ்சஸ்’, ‘டேக்ஸ்’ என்று மூன்று ஃபோல்டர் வைப்பது அங்கே எழுதாத விதி. புது பிராஞ்ச் வேண்டுமென்றால் ட்ரங்க்கை பிராஞ்சஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்வார்கள். 2004இல் சப்வெர்ஷனின் 1.0 பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டே, 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் வேலைக்காக கிட்டை எழுதினார். பல அலுவலகங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியபோது பழைய பேச்சுவழக்கும் கூடவே வந்துவிட்டது.

பெயரில் வரும் சாய்கோடு இரண்டாவது காரணம். ‘ஃபீச்சர்/லாகின்’, ‘ஃபிக்ஸ்/பில்’ என்று பிராஞ்சுக்குப் பெயர் வைத்தால், பல கிட் மென்பொருள்கள் அதை ஃபோல்டர் படம் போட்டு அடுக்கிக் காட்டும். பார்ப்பதற்கு வசதிதான், நானும் இந்த முறையைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்தப் படத்துக்கும் உங்கள் நிரல் ஃபோல்டர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘ஃபீச்சர்’ என்று வெறுமனே ஒரு பிராஞ்ச் ஏற்கெனவே இருந்தால் ‘ஃபீச்சர்/லாகின்’ என்று புதிது உருவாக்க கிட் விடாது. பிராஞ்ச் ஒரு ஃபைல் என்று பார்த்தோம் அல்லவா? ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபைலும் ஃபோல்டரும் இருக்க முடியாது.

## எதற்கு ஃபோல்டர், எதற்கு பிராஞ்ச்?

முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: இந்த இரண்டும் ஓடும் மென்பொருளில் ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்க வேண்டுமா? ஆம் என்றால் ஃபோல்டர். ஒன்று வந்து இன்னொன்றின் இடத்தைப் பிடிக்கப் போகிறதென்றால் பிராஞ்ச். லாகினும் பேமென்ட்டும் ஒரே செயலியில் சேர்ந்து ஓடுபவை, ஆகவே அவை இரண்டு ஃபோல்டர். இன்றைய லாகினை மாற்றி நாளைக்கு ஓடிபி லாகின் வரப்போகிறதென்றால் அந்த மாற்றத்துக்கு ஒரு பிராஞ்ச்.

இந்தக் கேள்வியைக் கேட்காததால் வரும் தவறுகளில் மிகவும் விலை அதிகமானது, வாடிக்கையாளருக்கு ஒரு பிராஞ்ச் எடுப்பது. ஒரு பில்லிங் மென்பொருளை மூன்று கடைகளுக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு பிராஞ்ச் எடுத்தால் முதல் மாதம் சுகமாக இருக்கும். பிறகு வரிக் கணக்கில் ஒரு பிழை கண்டுபிடித்தால் மூன்று இடத்தில் திருத்த வேண்டும். ஒரு இடத்தில் மறந்துவிட்டால் அந்தக் கடையின் பில் மட்டும் தப்பாக வரும். வருடம் ஆக ஆக மூன்றும் விலகிப் போய், மறுபடி ஒன்றாக்கவே முடியாத நிலை வந்துவிடும். கடைகளுக்குள் உள்ள வேறுபாடு பெயர், முகவரி, சில விருப்பங்கள் என்றால் அது அமைப்பு விவரம். ‘செட்டிங்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர், அதில் கடைக்கு ஒரு ஃபைல், நிரல் ஒன்றே. இப்படிச் செய்துவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

சோதனைச் சூழலுக்கு ஒன்று, நேரடிப் பயன்பாட்டுக்கு ஒன்று என்று நிரந்தர பிராஞ்ச் வைப்பதும் இதே வகைதான். சோதித்துப் பார்த்த அதே கமிட்தான் வாடிக்கையாளரிடம் போக வேண்டும். தனித்தனி பிராஞ்ச் என்றால் சோதித்தது ஒரு கமிட், போனது வேறு கமிட் என்று ஆகிவிடும். சூழலுக்குச் சூழல் மாறும் விவரங்களைச் சர்வரிலேயே வைக்கலாம். கடவுச்சொற்களை எந்த பிராஞ்சிலும் எந்த ஃபோல்டரிலும் வைக்கக் கூடாது.

நீண்ட நாள் வாழும் பிராஞ்சே கூடாது என்று சொல்ல வரவில்லை. சிபைத்தானின் வெளியீட்டு பிராஞ்சுகள் சரியான உதாரணம். ஒரு பைத்தான் வெளியீட்டுக்குச் சுமார் 5 ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உலகெங்கும் பலர் பழைய வெளியீட்டையே ஓட்டிக்கொண்டிருப்பதால் அந்த பிராஞ்சுகள் தேவை. ஆனால் வேலை போகும் திசையைப் பாருங்கள். பிழைத்திருத்தம் வழக்கமாக முதலில் மெயினில் சேரும். அதன் பிறகு அங்கிருந்து 3.13 போன்ற பழைய பிராஞ்சுகளுக்கு எடுத்துச் செல்லப்படும். லினக்ஸ் கெர்னலின் நிலைப் பதிப்புகளுக்கும் இதே ஒழுங்குதான். இந்த ஒழுங்கு இருந்தால், பழையதில் சரிசெய்த பிழை புதியதில் மறுபடி முளைக்காது.

வெளியீடு எண் போட்டுப் பல பதிப்புகளைப் பராமரிக்காத சிறு குழுவுக்கு மெயின் ஒன்றும், ஓரிரு நாளில் முடிந்து மெர்ஜ் ஆகும் குட்டி பிராஞ்சுகளும் போதும். 2010இல் வின்சென்ட் டிரீஸன் எழுதிய ‘கிட் ஃப்ளோ’ முறையைப் பார்த்து ‘டெவலப்’, ‘ரிலீஸ்’, ‘ஹாட்ஃபிக்ஸ்’ என்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் குழுக்கள் நிறைய. தொடர்ந்து வெளியிடப்படும் இணைய மென்பொருளுக்கு இதைவிட எளிய முறையைப் பாருங்கள் என்று 2020இல் அவரே அந்தக் கட்டுரையில் குறிப்பு சேர்த்துவிட்டார்.

சுருக்கமாக: சேர்ந்து ஓடுபவை ஃபோல்டரில், மாறிக்கொண்டிருப்பவை பிராஞ்சில், சூழலுக்கும் வாடிக்கையாளருக்கும் ஏற்ப வேறுபடுபவை செட்டிங்ஸில்.

## மெர்ஜும் ஃபோல்டர் அமைப்பும்

மெர்ஜ் என்பது இரண்டு வரிசைகளின் மாற்றங்களை ஒரே கமிட்டில் சேர்ப்பது. நம் பிளானில் 6ஐயும் 7ஐயும் சேர்த்து 8ஆம் தாள் வரைகிறோம். அதன் ஓரத்தில் முந்தைய தாள் என்று இரண்டு எண்கள் இருக்கும். இதற்காக கிட் மூன்று தாள்களைப் பார்க்கிறது: இரண்டும் பிரிந்த இடமான 5, அப்புறம் 6, 7. ஒரு இடத்தை ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் தானாகச் சேரும். ஒரே இடத்தை இருவரும் வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால் கிட் நின்று உங்களிடம் கேட்கும். இதற்குப் பெயர் கான்ஃப்ளிக்ட். பிராஞ்ச் எவ்வளவு நாள் தனியாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு இது நேரும் வாய்ப்பு கூடும்.

ஃபோல்டர் அமைப்பு கைகொடுக்கும் இடம் இது. எல்லாத் திரைகளும் ஒரு ஃபோல்டரில், கணக்கிடும் நிரல்கள் எல்லாம் இன்னொன்றில், எல்லாச் சோதனைகளும் வேறொன்றில் என்று வகை பார்த்து அடுக்குவது வழக்கம். சிறிய ப்ராஜெக்டில் பரவாயில்லை. பெரிதானதும் ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட நாலு ஃபோல்டரைத் தொட வேண்டியிருக்கும், நாலு இடத்திலும் மற்றவர்களோடு மோத வேண்டியிருக்கும். ஒன்றாக மாறுபவற்றை ஒன்றாக வைப்பது மேல். லாகின் ஃபோல்டருக்குள் அதன் திரை, அதன் கணக்கிடும் நிரல், அதன் சோதனை மூன்றும் இருந்தால், லாகினுக்கான பிராஞ்ச் பெரும்பாலும் அந்த ஒரு ஃபோல்டரைத்தான் தொடும்.

## ஃபோல்டரை மாற்றி அடுக்கும்போது

ஒரு ஃபைலை இடம் மாற்றினால், மாற்றினோம் என்ற தகவலை கிட் எங்கும் பதிவதில்லை. பழைய இடத்தில் ஒன்று மறைந்து புது இடத்தில் ஒன்று முளைத்தால், உள்ளடக்கத்தை ஒப்பிட்டு அதே ஃபைல்தானா என்று ஊகிக்கிறது. வழக்கமான அமைப்பில் பாதிக்கு மேல் ஒத்திருக்க வேண்டும். இடத்தையும் மாற்றி, உள்ளே இருப்பதையும் பெரிதாகத் திருத்தி, இரண்டையும் ஒரே கமிட்டில் போட்டால் ஊகம் தவறிவிடும். அந்த ஃபைலின் பழைய வரலாற்றைத் தேடிப் பிடிப்பதும் கடினமாகும், மற்றவர்களின் பிராஞ்சை மெர்ஜ் செய்வதும் தொல்லையாகும்.

லினக்ஸ் கெர்னல் குழு இதைப் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. இன்டெல் வகை 32 பிட் கணினிகளுக்கு ‘ஐ386’ என்று ஒரு ஃபோல்டரும், 64 பிட்டுக்கு ‘எக்ஸ்86_64’ என்று இன்னொரு ஃபோல்டரும் ஆண்டுக்கணக்கில் இருந்தன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நிரல். ஒன்றில் திருத்திய பிழை இன்னொன்றில் அப்படியே இருந்துவிடும் அபாயம். பிராஞ்சால் வருகிற காப்பித் தொல்லை ஃபோல்டராலும் வரும் என்பதற்கு இது சாட்சி. 2007இல் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் இரண்டையும் ‘எக்ஸ்86’ என்ற ஒரே ஃபோல்டருக்குக் கொண்டுவந்தார்கள். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் அது வெளியானது. முதல் கட்டத்தில் ஃபைல்களை நகர்த்தி, பெயர் மோதும் இடங்களில் கடைசியில் _32, _64 என்று சேர்த்தார்கள். உள்ளே இருந்த நிரலை ஒன்றாக்கும் வேலை அதற்குப் பிறகுதான், ஒவ்வொரு ஃபைலாக, பல பதிப்புகளில் நடந்தது.

உங்கள் சின்ன ரெப்போவுக்கும் இதே வரிசைதான். குழுவிடம் சொல்லிவிட்டு, திறந்திருக்கும் பிராஞ்சுகளை முடிந்தவரை மெர்ஜ் செய்துவிட்டு, நகர்த்தலை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். அதை அன்றைக்கே மெயினில் சேருங்கள். உள்ளே திருத்துவது அடுத்த நாள்.

## இரண்டு பிராஞ்சையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டுமென்றால்

சில சமயம் பழைய வெளியீட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ப்ராஜெக்டைக் காப்பி எடுக்கும் பழக்கம் இங்கேதான் மறுபடி எட்டிப் பார்க்கிறது. தேவையில்லை. 2015இலிருந்து கிட்டில் ‘வொர்க்ட்ரீ’ என்ற வசதி இருக்கிறது. ‘கிட் வொர்க்ட்ரீ ஆட்’ என்று கொடுத்து, ஒரு புது ஃபோல்டரின் இடத்தையும் பிராஞ்ச் பெயரையும் சொன்னால், அந்த பிராஞ்ச் அந்த ஃபோல்டரில் விரியும். அதே அலமாரிக்கு இரண்டாவது மேஜை போட்டது போலத்தான். எந்த மேஜையில் கமிட் செய்தாலும் ஒரே ரெப்போவில்தான் சேரும். ஒரே பிராஞ்சை இரண்டு மேஜையிலும் விரிக்க மட்டும் கிட் விடாது; இரண்டு பக்கமும் கமிட் நடந்தால் சீட்டை எந்தத் தாளில் ஒட்டுவது என்ற சிக்கல் வந்துவிடும். பார்த்து முடித்ததும் ‘கிட் வொர்க்ட்ரீ ரிமூவ்’ கொடுத்து அந்த ஃபோல்டரை எடுத்துவிடலாம். பிராஞ்சும் அதன் கமிட்களும் ரெப்போவில் அப்படியே இருக்கும்.